'இஃப் ஐ வேர் யூ...': நடக்காத ஒன்றை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ஒரு 'வுட்' எதையெல்லாம் மாற்றும்?

நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் கேட்கிறார்: 'இஃப் யூ வேர் தி டீம் லீட், வாட் வுட் யூ சேஞ்ச் ஃபர்ஸ்ட்?'

கேள்வி புரிகிறது. பதிலும் மனதில் இருக்கிறது. ஆனால் வாயைத் திறக்கும்போது ஒரு தடுமாற்றம். 'ஐ வில்' சொல்லணுமா, 'ஐ வுட்' சொல்லணுமா? அந்த இரண்டு நொடித் தயக்கத்தில் நல்ல பதில்கூட சுருதி இறங்கிவிடுகிறது.

பள்ளியில் 'இஃப் கிளாஸ்' என்று மூன்று வகைகளை மனப்பாடம் செய்திருப்போம். தேர்வில் கோடிட்ட இடத்தையும் நிரப்பியிருப்போம். ஆனால் வேலைக்கு வந்த பிறகு, ஈமெயிலிலும் மீட்டிங்கிலும் அது கைகொடுப்பதில்லை. காரணம், விதியைப் படித்தோம். அது எதற்கு என்பதைப் படிக்கவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தமிழில் இதை எப்படிச் சொல்கிறோம்?

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

'மழை பெய்தால் ஆட்டோவில் வருவேன்.'

'பத்து கோடி கிடைத்தால் வேலையை விட்டுவிடுவேன்.'

முதலாவது இன்று மாலையே நடக்கலாம். இரண்டாவது பகல் கனவு. ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஒரே அமைப்புதான். எது நிஜம், எது கற்பனை என்பதைச் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. பேசுபவர் அதை நடக்கக்கூடியதாகப் பார்க்கிறாரா, சும்மா கற்பனை செய்கிறாரா என்பதை வினைச்சொல்லிலேயே காட்டச் சொல்லும். தமிழ் பேசுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 'வந்தால், போனால், கிடைத்தால்' என்ற சொற்களை 'வந்தது, போனது, கிடைத்தது' என்பவற்றோடு ஒப்பிடுங்கள். வடிவம் ஒன்றாக இருக்கிறதல்லவா? நாளை நடக்கப்போவதைச் சொல்லும்போதும் 'வந்தால்' என்று இறந்தகால வடிவத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். எனவே 'நாளைக்கு நடக்கப்போறதுக்கு எதுக்கு பாஸ்ட் டென்ஸ்?' என்று ஆங்கிலத்தைப் பார்த்து ஆச்சரியப்படத் தேவையில்லை.

ஒரே விதி: ஒரு படி பின்னால் போங்கள்

கற்பனை வாக்கியத்தில் வரும் இறந்தகாலம் நேற்று நடந்ததைக் குறிப்பதில்லை. 'இது நிஜத்திலிருந்து தள்ளி இருக்கிறது' என்பதைத்தான் குறிக்கிறது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

முதலாவது: 'இஃப் ஐ கெட் தி ஆஃபர், ஐ வில் மூவ் டு புனே.' ஆஃபர் வர வாய்ப்பு இருக்கிறது. வந்தால் போவேன்.

இரண்டாவது: 'இஃப் ஐ காட் தி ஆஃபர், ஐ வுட் மூவ் டு புனே.' ஆஃபர் வரும் என்று பெரிய நம்பிக்கை இல்லை, அல்லது சும்மா யோசித்துப் பார்க்கிறேன். 'கெட்' ஒரு படி பின்னால் போய் 'காட்' ஆனது. 'வில்' ஒரு படி பின்னால் போய் 'வுட்' ஆனது.

மூன்றாவது: 'இஃப் ஐ ஹேட் காட் தி ஆஃபர், ஐ வுட் ஹேவ் மூவ்ட் டு புனே.' ஆஃபர் வரவில்லை. நான் போகவும் இல்லை. கதை முடிந்துவிட்டது. இங்கே இரண்டு படி பின்னால் போயிருக்கிறோம்.

நிகழ்காலம் அல்லது எதிர்காலம் பற்றிய கற்பனைக்கு ஒரு படி. முடிந்துபோனதைப் பற்றிய கற்பனைக்கு இரண்டு படி. அவ்வளவுதான்.

தோனி ரன் அவுட் ஆகாமல் இருந்திருந்தால்...

மூன்றாவது வகையைப் புரிந்துகொள்ள இந்தியர்களுக்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. 2019 உலகக் கோப்பை அரையிறுதி போதும். மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிராக 240 ரன் இலக்கு. மார்ட்டின் கப்திலின் நேரடி த்ரோவில் தோனி 50 ரன்னில் ரன் அவுட். இந்தியா 18 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

அன்றிலிருந்து நாம் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம்: 'தோனி ரன் அவுட் ஆகாம இருந்திருந்தா, நாம ஜெயிச்சிருப்போம்.'

ஆங்கிலத்தில்: 'இஃப் தோனி ஹேட் நாட் பீன் ரன் அவுட், இந்தியா வுட் ஹேவ் வன்.'

'இருந்திருந்தா' என்ற இடத்தில் 'ஹேட் பீன்'. 'ஜெயிச்சிருப்போம்' என்ற இடத்தில் 'வுட் ஹேவ் வன்'. கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பொருந்துகிறது. தமிழில் 'இருந்திருந்தால்... இருப்பேன்' என்று வந்தால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஹேட்... வுட் ஹேவ்' என்று நினைவில் வையுங்கள்.

ஜெயித்திருப்போம் என்று அடித்துச் சொல்ல மனம் வரவில்லையா? 'ஜெயிச்சிருக்கலாம்' என்பதற்கு 'மைட் ஹேவ் வன்'. 'ஜெயிக்க முடிஞ்சிருக்கும்' என்பதற்கு 'குட் ஹேவ் வன்'. உங்கள் உறுதி எவ்வளவோ அதற்கேற்ற சொல்.

'வாஸ்'ஆ, 'வேர்'ஆ?

'ஐ' என்றால் 'வாஸ்'தானே, 'இஃப் ஐ வேர் யூ' எப்படிச் சரி? பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது.

பழைய ஆங்கிலத்தில் விருப்பம், அனுமானம் போன்றவற்றைச் சொல்லத் தனி வினை வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் பெரும்பாலானவை சாதாரண வடிவங்களோடு கலந்துவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றுதான் இந்த 'வேர்'. அதனால்தான் கற்பனையில் 'ஐ, ஹி, ஷி, இட்' எல்லாவற்றுக்கும் 'வேர்' வருகிறது. 2008இல் வெளியான பியான்சேயின் பிரபலமான பாடலின் தலைப்புகூட 'இஃப் ஐ வேர் எ பாய்' என்பதுதான்.

பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று ஆங்கிலேயர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். ஆனால் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'வேர்' பாதுகாப்பானது. 'உங்க இடத்துல நான் இருந்தா' என்று அறிவுரை சொல்லும்போது 'இஃப் ஐ வேர் யூ' என்பதே நிலைத்துவிட்ட வழக்கு.

ஆனால் ஒன்று. 'நேத்து நான் கடுமையா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க' என்பது கற்பனை இல்லை. பேசியிருக்கவும் கூடும். அங்கே 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ ஆம் சாரி' என்பதுதான் சரி.

நாம் அதிகம் செய்யும் மூன்று தவறுகள்

1. இரண்டு பக்கமும் 'வுட்' போடுவது. 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கால்ட்' என்று சொல்கிறோம். அமெரிக்கப் பேச்சில் இதைக் கேட்கலாம். எழுத்தில் தவறாகவே பார்க்கப்படும். 'இஃப்' இருக்கும் பகுதியில் 'ஹேட்', மற்ற பகுதியில் 'வுட்'. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் சுருக்க வடிவம். 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கால்ட்' என்பதில் முதல் 'ஐட்', 'ஐ ஹேட்'. இரண்டாவது, 'ஐ வுட்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2. இப்போதைய கற்பனைக்கு 'வுட் ஹேவ்' போடுவது. 'இப்ப கையில காசு இருந்திருந்தா குடுத்திருப்பேன்' என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். அதை அப்படியே மாற்றினால், கேட்பவர் பழைய கதை என்று நினைப்பார். இப்போதைக்கு ஒரு படிதான்: 'இஃப் ஐ ஹேட் தி மனி நவ், ஐ வுட் கிவ் இட் டு யூ.'

3. 'வில்' வரவேண்டிய இடத்தில் 'வுட்' போடுவது. 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று எழுதுகிறோம். மரியாதையாக இருக்கும் என்ற நினைப்பு. வெளிநாட்டு கிளையன்ட் இதைப் படித்தால், 'ஏதாவது நிபந்தனை இருக்கிறதா? லீவா, இல்லையா?' என்று யோசிக்க இடமுண்டு. லீவ் உறுதி என்றால் 'ஐ வில் பி ஆன் லீவ்'.

வேலையில் இது எங்கே முக்கியம்?

சர்வர் படுத்துவிட்டது. நீங்கள் அறிக்கை எழுத வேண்டும். 'இஃப் வி ஹேட் டெஸ்டட் தி பேட்ச், தி சைட் வுட் நாட் ஹேவ் கான் டவுன்' என்று எழுதுகிறீர்கள். வருத்தம் தெரிவிப்பதாக நினைத்து எழுதியிருப்பீர்கள். ஆனால் படிப்பவருக்கு அதில் இரண்டு ஒப்புதல்கள் தெரிகின்றன. ஒன்று, நாம் சோதிக்கவில்லை. இரண்டு, சோதிக்காததுதான் காரணம். உண்மை அதுதான் என்றால் துணிந்து எழுதுங்கள். சோதித்தார்களா என்றே இன்னும் தெரியாத நிலையில் இந்த வாக்கியத்தை எழுதினால், செய்யாத தவறை டீம் தலையில் கட்டிவிடுவீர்கள்.

தெரியாதபோது எழுத வேண்டியது: 'இஃப் தி டீம் டெஸ்டட் தி பேட்ச், தி லாக் வில் ஷோ இட்.' சோதித்திருந்தால் பதிவில் தெரியும். இங்கேயும் 'டெஸ்டட்' என்ற இறந்தகாலம்தான். ஆனால் மறுபக்கம் 'வில்' இருப்பதால் இது கற்பனை இல்லை, திறந்த கேள்வி. எனவே 'இஃப்' பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'வில்' இருக்கிறதா, 'வுட்' இருக்கிறதா என்று மறுபக்கத்தையும் பாருங்கள்.

அடுத்தது பேரம். 'இஃப் யூ கிவ் அஸ் எ டிஸ்கவுன்ட், வி வில் சைன் டுடே' என்றால், அது கிட்டத்தட்ட வாக்குறுதி. அவர் சரி என்றால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். 'இஃப் யூ கேவ் அஸ் எ டிஸ்கவுன்ட், வி வுட் கன்சிடர் எ லாங்கர் கான்ட்ராக்ட்' என்றால், ஆழம் பார்க்கிறீர்கள், எதற்கும் கட்டுப்படவில்லை. சம்பளப் பேச்சுக்கும் இதே கணக்குதான். உறுதி காட்ட 'வில்', நூல் விட்டுப் பார்க்க 'வுட்'.

மூன்றாவது, மரியாதை. 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ லெஃப்ட் எர்லி டுடே?' என்பதில் 'லெஃப்ட்' என்பது இன்னும் நடக்காத ஒன்று. நிஜத்திலிருந்து ஒரு படி தள்ளி நின்று கேட்கிறீர்கள். அதனால் எதிரில் இருப்பவருக்கு 'முடியாது' என்று சொல்லவும் இடம் கிடைக்கிறது. 'இட் வுட் பி கிரேட் இஃப் யூ குட் செண்ட் இட் பை ஃப்ரைடே' என்பதும் அப்படித்தான்.

கலவை வாக்கியம், 'ஹேட் ஐ நோன்', 'ஐ விஷ்'

காரணம் நேற்று, விளைவு இன்று என்றால் இரண்டு வகையும் கலக்கும். 'அன்னிக்கே பெங்களூரு வேலைக்குப் போயிருந்தா, இன்னிக்கு மேனேஜரா இருப்பேன்' என்பது: 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தி பெங்களூரு ஜாப், ஐ வுட் பி எ மேனேஜர் நவ்.' முதல் பாதிக்கு இரண்டு படி, இரண்டாம் பாதிக்கு ஒரு படி.

எழுத்தில் சில நேரம் 'இஃப்' காணாமல் போகும். 'ஹேட் ஐ நோன்' என்றால் 'இஃப் ஐ ஹேட் நோன்'. ஈமெயில் கடைசியில் வரும் 'ஷுட் யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ்' என்பதும் இதே குடும்பம். ஆனால் அதில் கற்பனை கிடையாது, 'கேள்வி ஏதும் இருந்தால்' என்றுதான் பொருள்.

'ஐ விஷ்' என்று தொடங்கினாலும் அதே படிக் கணக்கு. 'எனக்கு இந்தி தெரிஞ்சா நல்லா இருக்கும்' என்றால் 'ஐ விஷ் ஐ நியூ ஹிந்தி'. 'முன்னாடியே கத்துக்கிட்டிருக்கலாம்' என்றால் 'ஐ விஷ் ஐ ஹேட் லேர்ன்ட் இட் எர்லியர்'.

ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு

பேச்சுத் தேர்வில் மதிப்பெண் நான்கு அடிப்படைகளில் தரப்படுகிறது. சரளம், சொல்வளம், உச்சரிப்பு ஆகியவற்றோடு இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும் அதில் ஒன்று. கற்பனைக் கேள்வி வந்தால், அது உங்கள் இலக்கணத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பு. கேள்வியில் 'வுட்' இருந்தால் பதிலையும் 'வுட்'டிலேயே தொடங்குங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு விடையைப் படியுங்கள்.

1. 'கிளையன்ட் சரின்னு சொன்னா, திங்கட்கிழமை ஆரம்பிப்போம்.' (பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள்.)
2. 'நான் பிரதமரா இருந்தா, எல்லா ஊருக்கும் மெட்ரோ விடுவேன்.'
3. 'நீங்க போன் பண்ணியிருந்தா, ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்.'

விடை: முதலாவது, 'இஃப் தி கிளையன்ட் அக்ரீஸ், வி வில் ஸ்டார்ட் ஆன் மன்டே.' இரண்டாவது, 'இஃப் ஐ வேர் தி பிரைம் மினிஸ்டர், ஐ வுட் பில்ட் எ மெட்ரோ இன் எவ்ரி டவுன்.' மூன்றாவது, 'இஃப் யூ ஹேட் கால்ட், ஐ வுட் ஹேவ் கம் டு தி ஸ்டேஷன்.'

மூன்றும் சரியா? அப்படியென்றால் முதலில் பார்த்த நேர்காணல் கேள்விக்குத் திரும்புவோம். அவர் 'வேர்', 'வுட்' என்று கேட்டதன் பொருள், உங்களுக்கு அந்தப் பதவியை இன்னும் தரவில்லை என்பதுதான். 'ஐ வில் சேஞ்ச்' என்றால் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். 'ஐ வுட் ஸ்டார்ட் பை டாக்கிங் டு தி டீம்' என்று நிதானமாகத் தொடங்குங்கள். வேலை கிடைத்த பிறகு 'வில்' சொல்லிக்கொள்ளலாம்.