ஔவையார் (சங்ககாலம்)

சங்ககாலப் பெண்பாற் புலவர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைப்புலவர், நண்பர், தூதர். தகடூர் இன்றைய தருமபுரி. ஆத்திசூடி பாடிய ஔவையார் பிற்காலத்தவர், இவரின் வேறானவர்.

பாடல்கள்: சங்கத் தொகைநூல்களில் இவர் பாடல்கள் 59 உள்ளன: புறநானூறு 33, குறுந்தொகை 15, நற்றிணை 7, அகநானூறு 4. சங்கப் பெண்பாற் புலவர்களுள் மிகுதியான பாடல்கள் கிடைத்திருப்பது இவருக்கே.

வாழ்வு: நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்ததைப் புறநானூறு 91 போற்றுகிறது. அதியமானுக்காக அரசன் தொண்டைமானிடம் தூது சென்றவர், பளபளக்கும் அவனது படைக்கலங்களைப் புகழ்வதுபோலத் தொடங்கி, போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களைச் சுட்டினார் (புறம் 95). அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, கற்றவருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று வாயிற்காவலனிடம் நிமிர்ந்து சொன்னார் (புறம் 206). அதியமான் மறைந்தபின் ஔவை பாடிய கையறுநிலை (இரங்கல்) பாடல்கள் நட்பின் ஆழத்தைக் காட்டுகின்றன.

சிறப்பு: அரசவையில் அறிவால் இடம்பெற்று, அன்பிருந்தும் தன்மானம் தாழாமல் வாழ்ந்தவர் என்பதே கற்கும் பெண்களுக்கு இவரை என்றும் முன்மாதிரியாக்குகிறது. பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விருது ஔவையார் பெயரைத் தாங்கியுள்ளது.