யாருடைய கை முழம்?

 

ஆரம்பப் பிரிவில் அளவீடு கற்பிக்கும்போது நாம் மேசையைச் சாணால் அளக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஏழு சாண் வரும், இன்னொரு பிள்ளைக்கு ஒன்பது. "பார்த்தீங்களா, இதுக்குத்தான் மீற்றர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். சாணுக்கும் முழத்துக்கும் நாம் சொல்லும் பெயர் எழுந்தமான அலகுகள். நினைத்தபடி எடுத்துக்கொண்டவை என்று அர்த்தம். நம் தோட்டங்களின் கதையைப் பார்த்தால் அந்தப் பெயர் சரியா என்று கேட்கத் தோன்றுகிறது.

தேயிலைக் கன்றுக்கு வெட்டும் குழி வழக்கமாக 9 அங்குல அகலம், 18 அங்குல ஆழம். கணக்கு துரைமாருடையது. வெட்டிய கைக்கு அது ஒரு சாண் அகலம், ஒரு முழம் ஆழம். முழங்கை வரை உள்ளே போனால் குழி சரி, அடிக்கோல் தேவையில்லை. இரண்டு சாண் ஒரு முழம். நாலு முழம் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறத்தாழ 6 அடி. யாழ்ப்பாணத்தில் கிணற்றைப் பாகத்தால் சொல்வார்கள். நமக்குக் கிணறு எங்கே, பீலிதான். கயிற்றுக்கு மட்டும் பாகம் உதவும்.

ஆள் மாறினால் அளவு மாறுமே என்ற கேள்வி பழையது. அட்டனில் திருவிழா நாளில் பூ வாங்குகிறவர்கள் பூக்காரரின் கை நீளத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் முழம் கேட்பார்கள்! இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் பதிலும் வைத்திருந்தார்கள். நாம் ரமழான் முடிவில் கொடுக்கும் ஃபித்ரா ஒரு ஸாஉ, அது நாலு முத்து. ஒரு முத்து என்பது இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு. யாருடைய கை? நடுத்தரமான ஆளின் கை என்று சட்ட அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். இன்று அதை அரிசியில் இரண்டரைக் கிலோ அளவில் கணக்கிடுகிறோம். ஷாஃபிஈ நூல்களில் கப்றின் ஆழமும் அப்படித்தான்: நடுத்தரமான ஆள் ஒருவர் நின்று கையை மேலே உயர்த்தும் உயரம், நாலரை முழம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 16 சாண் கோல் என்று நிலம் அளந்த கோல் வருகிறது. ஐரோப்பாவிலும் இதே புத்திதான். 16ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் கோபெல் என்ற ஜெர்மானியர் ஒரு முறையை எழுதினார். தேவாலயத்திலிருந்து வெளியே வரும் 16 பேரை, நெட்டையோ குட்டையோ வருகிற வரிசையில் நிறுத்தி, அவர்களின் இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரு கோல். ஆங்கிலேயரின் கோல் பதினாறரை அடி. அதற்குத்தான் பேர்ச் என்று பெயர். ஆம், இன்று நாம் காணி பேசும் அதே பேர்ச். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டாரே, அந்த ஏக்கருக்குள் 160 சதுர பேர்ச் இருக்கிறது. மனிதக் காலிலிருந்து வந்த அளவை நாம் நியம அலகு போலப் பேசுகிறோம், நம் சாண் மட்டும் எழுந்தமானம்!

தோட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கை, கால் மட்டுமல்ல, ஆளே அலகானார். செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேரு". கொழுந்து குறைந்தால் "அரைப் பேரு". வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆனால் அளக்கும் உரிமை மட்டும் அளக்கப்பட்டவரிடம் இல்லை. கூடை முதுகில் எவ்வளவு கனக்கிறது என்று பறித்த அம்மாவுக்குத் தெரியும். தராசின் முள்ளைப் பார்த்து எழுதுகிறவர் வேறு ஆள். கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழிபடும் கிலோவை நம்மில் எத்தனை வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறோம்? முழம் ஆளுக்கு ஆள் மாறும், உண்மைதான். ஆனால் முழத்தை எதிரே நிற்பவர் தன் கையை வைத்துச் சரிபார்க்க முடியும். அதனால்தான் அது எழுந்தமானம் அல்ல என்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் காணிப் பேச்சுத்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதன் முன்னும் பின்னும் நம் காதில் விழுந்துகொண்டிருப்பது 7 பேர்ச் என்ற சொல். காதில் விழுகிறதே தவிர, அது எவ்வளவு என்று கேட்டால் பலருக்குக் கண்ணால் காட்டத் தெரியாது. ஒரு சதுர பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. பரப்பில் அது பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பரா பதினாறுக்குச் சற்றுக் குறைவு. சதுரமான துண்டு என்றால் ஒரு பக்கம் 29 முழம். சரிவுக் காணியில் கயிற்றை நிலத்தோடு படுக்க விடாமல் மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். நில அளவையாளர் வரும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கட்டும். 29 முழக் கயிறு ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.