வெள்ளி போய்ச் சனி திரும்பும் வெளிநாடு

வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். ராமேசுவரம் மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டும் வேண்டாம். அன்று காலை விசைப்படகுகளில் ஏறும் கூட்டம் சில மணி நேரத்தில் இலங்கை மண்ணில் கால் வைக்கிறது. இரவு திறந்தவெளியில் படுத்து, மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் படகேறி, பொழுது சாயுமுன் ஊர் திரும்பிவிடுகிறது. கூட்டாளிகள் ஒரு படகு, சொந்தபந்தங்கள் ஒரு படகு, பங்கின் அன்பியக் குழுவினர் ஒரு படகு என்று ஏறிப் போய்வரும் இந்த இரண்டு நாள் பயணத்துக்குக் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா என்று பெயர்.

தீவு சின்னது. 285 ஏக்கர், நீளம் ஒன்றரை கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ராமேசுவரத்திலிருந்து வடகிழக்கே பாக் நீரிணையில் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆள் குடியிருக்கும் இலங்கைத் தீவு நெடுந்தீவு. கச்சத்தீவில் குடிதண்ணீர் கிடையாது. அதனால் குடியிருப்பும் கிடையாது. முள்ளும் புதரும் மணலும் ஒரு கோவிலும்தான். ஆளில்லாத அந்த மண்ணுக்கு ஆண்டு முழுக்க அரசியல் மேடைகளில் இருக்கும் பெயர், வேறெந்தச் சிறு தீவுக்கும் இல்லை.

ராமநாதபுரம் சமஸ்தானத்தின் கணக்கில் இருந்த தீவு இது. சேதுபதிகளின் ஜமீன் தன் கடலோரக் கிராமங்களையும் தீவுகளையும் சாயவேர் தோண்டவும், சங்கு குளிக்கவும், மீன்பிடிக்கவும் குத்தகைக்கு விட்டது; 1880இல் சாயவேருக்காகப் போட்ட குத்தகையில் கச்சத்தீவும் அடக்கம். இங்கே கிளம்பி வலைபோட வந்தவர்களும், நெடுந்தீவிலிருந்து வந்தவர்களும் வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்கும் இடமாக அது இருந்தது. தொண்டிக்குத் தெற்கே உள்ள நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1905 வாக்கில், அங்கே அந்தோனியாருக்கு ஒரு கோவில் எழுப்பினார் என்பது இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வசதி படைத்த மீன்தொழில்காரர் அவர். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து சாமியார் போய்ப் பூசை வைத்துவிட்டு வந்த காலம் உண்டு. இன்று அந்தக் கோவில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தப் பயணத்தை யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார். அந்த ரயிலுக்கு ‘போட் மெயில்’ என்று பெயர். தோட்ட வேலைக்குப் போன ஏழைகள் மட்டும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, உடம்பைச் சோதித்த பிறகே அனுப்பப்பட்டார்கள். இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் கடலைக் கடக்கத் தாள் கட்டாயமானது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ரயிலோடும் துறைமுகத்தோடும் வாரிக்கொண்டு போனது. கப்பல் ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்தது. இலங்கையில் போர் மூண்டபின் அதுவும் நின்றது.

கத்தோலிக்க நாள்காட்டியில் பதுவை அந்தோனியாரின் நாள் ஜூன் 13. ஆனால் கச்சத்தீவில் திருவிழா வருவது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்தில். கடல் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வாடைக்காற்று அடங்கி, கச்சான் காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பாய்த்தோணியில் போக அதைவிட நல்ல பருவம் கிடைக்காது. கத்தோலிக்கர் மட்டும்தான் போனார்கள் என்றும் இல்லை. வலைக்குப் போகிறவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்தோனியாருக்கும் ஒரு நேர்ச்சை வைத்திருப்பான். அன்றைக்கும் இன்றைக்கும் தீவுக்குப் போகும் படகுகளில் இந்துக்களும் இருக்கிறார்கள்.

பக்தியோடு வியாபாரமும் நடந்தது. இந்தக் கரையிலிருந்து சேலையும் கைலியும் போகும். அந்தக் கரையிலிருந்து சோப்பு, தேங்காய் எண்ணெய் போன்றவை வரும். காசு கைமாறுவதைவிடப் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வதே வழக்கம். சிலோன் சோப்பின் வாசனையைப் பற்றி ராமேசுவரம் தீவில் வயதானவர்கள் இன்னமும் பேசுவார்கள். பெண் பார்ப்பது, மாப்பிள்ளை விசாரிப்பது, கடன் கேட்பது, பழைய கணக்கு முடிப்பது எல்லாம் அந்த ஓரிரவு மணலிலேயே முடிந்தன.

இந்தக் கடலில் எல்லைக்கோடு போடும் வேலை 1921இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு கொழும்பில் கூடிய மாநாட்டில், இரு பக்கத்து அதிகாரிகளும் மீன்பிடி எல்லையைப் பற்றிப் பேசினார்கள். தீவுக்கு மூன்று மைல் மேற்கே ஒரு கோடு வரையப்பட்டது. இரண்டு இடத்திலும் ஆண்டது பிரிட்டன்தான். அந்த ஏற்பாட்டுக்கு முறையான ஒப்புதல் கிடைக்கவில்லை. சேதுபதி ஜமீனும் தீவைத் தன் கணக்கிலேயே வைத்திருந்தது. ஜமீன் ஒழிந்து, இரண்டு நாடுகளும் விடுதலை பெற்ற பிறகு கேள்வி பெரிதானது. 1974 ஜூன் 26ஆம் தேதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28ஆம் தேதி டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தீவை இலங்கைப் பக்கம் விட்டது. முதல்வர் கருணாநிதி தலைமையிலான தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தெரிவித்துத் தீர்மானம் போட்டது, கோடு மாறவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில்தான் இந்த வாரக்கடைசிப் பயணம் உயிர் வாழ்கிறது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போய்வந்தது போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது அது. உலகத்தில் இப்படிப்பட்ட சலுகைகள் அபூர்வம். ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியாவும் 1978இல் செய்துகொண்ட டோரஸ் நீரிணை ஒப்பந்தம் அப்படி ஒன்று. அங்கே பூர்வீகக் குடிகள் உறவுமுறைக்கும் சடங்குக்கும் மீனுக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் கடலைக் கடக்கிறார்கள். அங்கே மீன்பிடிப்பும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. கச்சத்தீவுப் பிரிவில் ‘போய்வரலாம்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மீன்பிடிப்பும் காக்கப்பட்டிருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னார். 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டின் மீன்பிடிப் படகு மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன.

மீனவனுக்குக் கடைசியில் மிஞ்சியதாகச் சொல்லப்பட்டது தீவில் இளைப்பாறும் உரிமையும் வலை உலர்த்தும் உரிமையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலை உலர்த்துவது பருத்தி நூல் காலத்து வேலை. நனைந்த பருத்தி வலையை அப்படியே சுருட்டி வைத்தால் அழுகிவிடும். ஒவ்வொரு முறை மீன்பிடித்த பிறகும் மணலில் விரித்துக் காயவைத்தாக வேண்டும், அவ்வப்போது மரப்பட்டைச் சாயத்தில் முக்கி எடுக்கவும் வேண்டும். அதற்கு மணல்பரப்புள்ள ஆளில்லாத தீவு வரப்பிரசாதம். 1960களில் நைலான் வந்தது. நைலான் வலை அழுகாது. படகின் அணியத்தில் குவித்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒப்பந்தத்தில் மை காய்வதற்குள் அந்த உரிமைக்குத் தேவையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சி நின்ற ஒரே நடைமுறை உரிமை, திருவிழாவுக்குப் போய்வருவது மட்டுமே.

அதையும் போர் விழுங்கியது. 1983க்குப் பிறகு பாக் நீரிணை விடுதலைப் புலிகளும் இலங்கைக் கடற்படையும் மோதும் களமானது. கச்சத்தீவுத் திருவிழா பல ஆண்டுகள் கூடவே இல்லை. அகதிகளை ஏற்றிய படகுகள் எதிர்த்திசையில் வந்து தனுஷ்கோடி மணல்திட்டுகளில் ஆட்களை இறக்கின. 2009 மே மாதம் போர் ஓய்ந்தது. 2010இல் ராமேசுவரத்திலிருந்து மீண்டும் பெருங்கூட்டமாகப் போனார்கள். பிரிந்து கிடந்த குடும்பங்கள் பல அந்த மணலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. பழைய கோவில் சிதிலமாகிவிட்டதால், பக்கத்திலேயே இலங்கைக் கடற்படை புதிய கோவில் கட்டியது. 2016 டிசம்பர் 7 என்று குறித்திருந்த திறப்புவிழா, முதல்வர் ஜெயலலிதாவின் மறைவால் தள்ளிப்போய், 23ஆம் தேதி யாழ்ப்பாண ஆயர் ஜஸ்டின் ஞானப்பிரகாசம் தலைமையில் நடந்தது.

பாஸ்போர்ட் வேண்டாம் என்றாலும் இப்போது தாள் குறைவில்லை. ராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்குத்தந்தைதான் இந்தப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர். விண்ணப்பம் அங்கே வாங்க வேண்டும். ஆதார் நகல், போட்டோ, குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்று இணைக்க வேண்டும். அரசு ஊழியர் என்றால் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். மீன்வளத்துறை படகுகளைச் சோதித்துத் தகுதி பார்க்கிறது. மது, சிகரெட், பிளாஸ்டிக் எடுத்துப் போகக் கூடாது.

புறப்படும் காலையில் துறைமுகம் மாறிப்போகிறது. மீன்வாடையும் ஐஸ்பெட்டியும் இருக்க வேண்டிய தளத்தில் தண்ணீர் விட்டுக் கழுவி, வலையை இறக்கிவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டு. சுங்கத்துறை பையைத் திறந்து பார்க்கும், கியூ பிரிவு போலீஸ் பெயரைச் சரிபார்க்கும். எல்லைக்கோடு வரை இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல். அதைத் தாண்டினால் இலங்கைக் கடற்படையின் படகுகள். எதிர்ப்பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகேறுகிறார்கள்.

வெள்ளி மாலை கொடியேற்றம். அதன்பின் சிலுவைப்பாதை, திருப்பலி, இரவில் அந்தோனியார் தேர்பவனி. குடிக்கத் தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை, மின்விளக்கு எல்லாவற்றுக்கும் இலங்கைக் கடற்படையே பொறுப்பு. பந்தல் போட்ட கடைகளில் யாழ்ப்பாணத்து வியாபாரிகள் இருப்பார்கள். விலை இலங்கை ரூபாயில் சொல்லப்படும், தருவது இந்திய நோட்டாக இருக்கும். சோப்பு இன்றும் விற்கிறது. இரு கரை மீனவர் சங்கத்தாரும் ஓரமாக உட்கார்ந்து பேசுவதும் உண்டு. அந்தப் பேச்சு எப்போதும் இனிப்பாக இருக்காது. தமிழகத்து இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக் கடலடியைச் சுரண்டுகின்றன என்பது வடமாகாண மீனவர்களின் நெடுநாள் குறை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது.

அந்தக் குறையும், எல்லை தாண்டியதாக நடக்கும் கைதுகளும் திருவிழாவைத் தொடாமல் விடுவதில்லை. 2017 மார்ச் 6ஆம் தேதி தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். அடுத்த சில நாட்களில் வந்த திருவிழாவுக்கு ராமேசுவரத்து மக்கள் போகவில்லை. கொரோனா காலத்தில் 2021இல் இந்தியர்களுக்கு அனுமதி இல்லை. 2022இல் கொஞ்சம் பேருக்கே இடம் கிடைத்தது. 2023இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2024இல், படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டித்து, விசைப்படகு மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். போகாமல் இருப்பதும் ஒரு போராட்ட முறையாகிவிட்டது. 2025 மார்ச் 14, 15இல் மறுபடி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஏப்ரல் 2ஆம் தேதி, தீவை மீட்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியது.

பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இப்போது வேறு வழியும் உண்டு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. நல்லூரும் நயினாதீவும் பார்த்துவர விரும்புகிறவர்கள் அதில் போகிறார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் உள்ள மீனவக் குடும்பங்களில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் குறைவு. அவர்களுக்கு வெளிநாடு என்றால் இன்றும் கச்சத்தீவுதான்.

சனிக்கிழமை பிற்பகல் படகுகள் வரிசையாக ராமேசுவரம் கரையைப் பிடிக்கின்றன. சுங்கத்துறை மறுபடி பைகளைத் திறக்கிறது. ஆட்கள் இறங்கியதும் தார்ப்பாயை அவிழ்த்து, வலையை ஏற்றி, டீசல் பிடிக்கிறார்கள். திருவிழாவுக்காக நிறுத்தியிருந்த மீன்பிடி டோக்கனை மீன்வளத்துறை திரும்பக் கொடுக்கத் தொடங்கியதும் அதே படகுகள் அதே திசையில் போகும். போன வாரம் குடிதண்ணீர் ஊற்றிய கடற்படை இந்த வாரம் எல்லை தாண்டியதாகப் பிடித்தால், படகு காரைநகருக்கோ மயிலிட்டிக்கோ இழுத்துச் செல்லப்படும். ஆட்கள் ஊர்க்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்கள்.