9999க்குப் பிறகு 0001: புகைப்படக் கோப்புப் பெயர்களின் சிறு வரலாறு

ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு வீட்டின் பழைய அல்பங்களைப் படமெடுக்கப் போயிருந்தோம். நாங்கள் மூன்று பேர். கையில் இரவல் வாங்கிய ஒரு கமரா, ஒரு போன், ஒரு கொப்பி. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் உடுப்புப் பையோடு சேர்ந்து ஊரை விட்டுப் போய், பிறகு அதே பையில் திரும்பி வந்த அல்பங்கள் அவை. அந்த வீட்டு அம்மம்மா ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு, "உவர்தான் பிள்ளை எங்கட பெரியப்பா, பக்கத்தில நிக்கிறது ஆர் எண்டா..." என்று சொல்லிக்கொண்டே போனா. ஒராள் படமெடுக்க, ஒராள் கமராத் திரையில் தெரிந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் அம்மம்மா சொன்ன பெயர்களையும் எழுதினா.

அன்றிரவே படங்களை லப்டொப்பில் ஒரே போல்டருக்குள் போட்டோம். ஐஎம்ஜி என்று தொடங்கும் பெயர்கள் பார்க்க வடிவாக இல்லை. எல்லாவற்றையும் தெரிவுசெய்து, எஃப்2 விசையை அழுத்தி, "அல்பம்" என்று அடித்தோம். அல்பம் (1), அல்பம் (2) என்று 146 படங்களுக்கும் ஒரு நொடியில் புதுப்பெயர் வந்தது. கமரா அட்டையை அழித்து, கமராவையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பெயரை மாற்றும்போது எங்களுக்கு இருந்த ஒரே பயம், படத்தின் தரம் குறையுமா என்பதுதான். இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். பதில்: குறையாது. கோப்பின் அளவு ஒரு பைட்டும் மாறாது. காரணம், பெயர் படத்துக்குள் இல்லை. எம்எஸ்-டொஸ் காலத்து ஃபெட் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு அட்டவணையில் 32 பைட் வரி உண்டு; பெயர் அந்த வரியில் இருக்கும், படம் வட்டின் வேறோர் இடத்தில் இருக்கும். 1970களின் தொடக்கத்தில் உருவான யுனிக்ஸும் பெயரையும் கோப்பையும் பிரித்தே வைத்தது. நூலகத்தில் அட்டையை மாற்றி எழுதினால் புத்தகத்தின் பக்கங்கள் மாறாதது போலத்தான்.

தரம் குறைவது வேறு இடத்தில். 1992இல் தரநியமமான ஜேபெக், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டுத்தான் படத்தைச் சுருக்குகிறது. ஒரு செயலியில் படத்தைத் திறந்து, திருத்தி, திரும்பச் சேமித்தால் அந்தக் கழிப்பு இன்னொரு முறை நடக்கும். பெயரை மட்டும் மாற்றும்போது படம் திறக்கப்படுவதே இல்லை.

சரி, ஐஎம்ஜி_9921 போன்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன? அந்த ஃபெட் வரியில் பெயருக்கு 11 இடம்தான் இருந்தது: பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று. 1995இல் விண்டோஸ் 95 நீளமான பெயர்களை அனுமதித்தது. ஆனால் கமராக்களின் நினைவக அட்டைகள் ஃபெட் முறையிலேயே இருந்தன. 1998இல் ஜப்பானின் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் டிசிஎஃப் என்ற விதியைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் கமராவில் எடுத்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவியிலும் பார்க்க முடிய வேண்டும் என்பது நோக்கம். அட்டையில் டிசிஐஎம் என்ற போல்டர். அதற்குள் 100, 101 என்று மூன்று இலக்கங்களில் தொடங்கும் போல்டர்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எழுத்து, நான்கு இலக்கம். அந்த நான்கு எழுத்தைத்தான் கனொன் 'ஐஎம்ஜி_' என்றும், ஃபுஜி 'டிஎஸ்சிஎஃப்' என்றும் வைத்தன. இன்றைக்கும் கமராவைக் கணினியில் சொருகினால் முதலில் கண்ணில் படுவது டிசிஐஎம்தான்.

நான்கு இலக்கம் என்றால் 9999தான் எல்லை. அதைத் தாண்டினால் கமரா அடுத்த போல்டரைத் திறந்து 0001இலிருந்து தொடங்கும். எங்களுக்கு நடந்ததும் அதுதான். அல்பத்தின் முதல் 79 படங்கள் 9921 தொடக்கம் 9999 வரை. மிச்சம் 67 படங்கள் 0001 தொடக்கம் 0067 வரை. இரண்டு போல்டரையும் ஒன்றாகக் கொட்டியதும் கணினி பெயர் ஒழுங்கில் அடுக்கியது. 0001 முன்னுக்கு வந்தது. கொப்பியில் 80ஆவதாக எழுதப்பட்டவர் அல்பம் (1) ஆனார். இரண்டு மாதம் கழித்துக் கொப்பியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, கொப்பியில் உள்ள ஒரு இலக்கமும் போல்டரில் இல்லை. படங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆர் ஆர் என்றுதான் தெரியவில்லை.

எங்களைக் காப்பாற்றியது எக்ஸிஃப். 1995இல் அதே சங்கம் வெளியிட்ட இன்னொரு விதி இது. படமெடுத்த திகதி, நேரம், கமராவின் விபரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். பெயர்மாற்றம் கோப்பின் உள்ளே போகாததால் அந்த நேரமும் அப்படியே இருந்தது. கமராவின் மணிக்கூடு பிழையான நேரத்தைக் காட்டினாலும் முந்தியது எது, பிந்தியது எது என்பது பிழைக்காது. படமெடுத்த நேரப்படி அடுக்கினோம். கொப்பியின் முதல் வரிக்கு முதல் படம் வந்து நின்றது. 146உம் ஒரே இரவில் திரும்பக் கிடைத்தன.

1881இல் பிரஷ்ய அரச ஆவணக் காப்பகம், ஆவணங்கள் எந்த ஒழுங்கில் உருவாகினவோ அந்த ஒழுங்கைக் கலைக்கக்கூடாது என்று விதி செய்தது. வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதிய விஷயம்தான். எங்கட போல்டருக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை. பழைய ஸ்டூடியோப் படங்களைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் பென்சிலால் ஒரு நெகட்டிவ் இலக்கம் இருக்கும். வடிவில்லாத அந்த இலக்கம்தான் படத்தையும் ஸ்டூடியோவின் பதிவுப் புத்தகத்தையும் கட்டிவைத்த கயிறு.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முதலில் மூலப் படங்களை வேறோர் இடத்தில் கொப்பி பண்ணி, அதைத் தொடுவதில்லை. ஒழுங்கைப் படமெடுத்த நேரப்படி அடுக்கிய பிறகே பெயர் மாற்றுகிறோம். புதுப்பெயரின் கடைசியில் பழைய இலக்கத்தை விட்டுவைக்கிறோம்: கலியாணம்_001_ஐஎம்ஜி_9921. 1 என்று எழுதாமல் 001 என்று எழுதுகிறோம், இல்லாவிட்டால் சில செயலிகளில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். பழைய பெயரையும் புதுப்பெயரையும் ஒரு எக்செல் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவைக்கிறோம்.

ஆனால் போனில் எடுத்த படங்கள் 23 இருந்தன. அவற்றை வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தோம். அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும், எக்ஸிஃப் நேரம் போய்விடும், பெயரும் மாறும். அந்தப் போன் பிறகு தண்ணிக்குள் விழுந்தது. கொப்பியில் 23 வரிகள் கிடக்கு, போல்டரில் 23 படங்கள் கிடக்கு. எதற்கு எது என்று கேட்க அந்த வீட்டுக்குத் திரும்பப் போனபோது அம்மம்மா இல்லை. முதல் மாதம்தான் செத்தவீடு நடந்திருந்தது. அவவின்ர மகள் எங்களோடு இருந்து 14 படங்களை அடையாளம் சொன்னா. மிச்ச ஒன்பதையும் பார்த்து, "இவையள அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றா.

அந்த ஒன்பதுக்கும் நாங்கள் பெயர் மாற்றவில்லை.