சயாமிலிருந்து திரும்பியவர்கள்



கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதை நம்முடைய ராசா, கோலா குபு, கெர்லிங், கலும்பாங் வழியாகத்தான் போகிறது. இன்று அதில் மின்சார வண்டி ஓடுகிறது. ஜப்பான்காரன் காலத்தில், சரக்கு வண்டிகளில் தோட்டத்து மக்களை அடைத்து, இதே வழியாகத்தான் சயாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறோம். உயிரோடு திரும்பியவர்களின் உள்ளம் என்ன ஆயிற்று என்பதைத்தான் அதிகம் பேசியதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லை. பால்வெட்டு நின்றது, துரைமார் ஓடிவிட்டார்கள், அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. அந்தச் சமயத்தில் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கியது. கடல் வழியில் அவர்களுடைய கப்பல்களுக்கு ஆபத்து இருந்ததால் இந்த அவசரம். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். ஆசை வார்த்தைக்கு ஆள் கிடைக்காதபோது, லயத்திலும் சாலையிலும் அகப்பட்டவர்களை லாரியில் ஏற்றினார்கள்.

மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1943 மழைக் காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. பிடிபட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சொந்த மருத்துவர்களும் கட்டளையிட அதிகாரிகளும் இருந்தார்கள்; நீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. வேலைக்குப் போன சுமார் 60,000 கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பலரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 1945ல் போர் முடிந்த பின்தான் மிஞ்சியவர்கள் மெள்ள மெள்ளத் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் மறுநாளே பெரட்டில் நின்றார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல. பிழைக்க வேண்டுமே! பகலில் பால் வெட்டினார்கள். இரவில் தூக்கத்தில் அலறினார்கள். சோற்றுத் தட்டை யாராவது நகர்த்தினால் சீறினார்கள். சயாம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போனார்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலர் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தார்கள். பேய் பிடித்தது என்றார்கள், காட்டுக் காற்று பட்டது என்றார்கள், குடிகாரன் என்று ஒரே சொல்லில் முடித்தவர்களும் உண்டு. மந்திரித்துக் கட்டிய கயிறுகளுக்குக் கணக்கில்லை.

மேனாட்டு மருத்துவர்களும் முதலில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரின்போது, 1915ல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் 'குண்டதிர்ச்சி' என்ற பெயரால் எழுதினார். அதே போரில், ஓடிப்போனவன் என்றும் கோழை என்றும் குற்றம் சாட்டித் தன் சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது பிரிட்டன். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது 2006ல்! வியட்நாம் போருக்குப் பிறகு, 1980ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் ஏட்டில் சேர்த்தது. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லை ஆளுகிறார்கள்.

இதன் தன்மை என்ன? சாதாரண நினைவு நாளடைவில் மங்கும். உயிருக்கே ஆபத்து வந்த நேரத்து நினைவு சிலருக்கு மங்குவதில்லை. ஒரு சத்தம், ஒரு வாடை போதும்; அது நடந்து முடிந்த கதையாக இல்லாமல் இப்போது நடப்பதாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது. ஆகவே அந்த மனிதர் நினைவூட்டும் எதையும் விட்டு விலகுகிறார். எந்நேரமும் காவல் நிற்பவரைப்போல் விழித்திருக்கிறார். போரைக் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். நெடுநாள் கொடுமை பட்டவர்களுக்கும், திரும்பி வந்தபோது தாங்க ஆளில்லாதவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

அதே பாதையில் வேலை செய்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகள் பரிசோதித்தது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களில் பலர் குடலில் சயாம் காட்டுப் புழுவும், மனத்தில் சயாம் காட்டு அச்சமும் தங்கியிருக்கக் கண்டார்கள். இந்த ஆராய்ச்சி எப்படி முடிந்தது? அவர்களுக்குப் பட்டாளத்துப் பதிவேடு இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, ஆகவே தேடிப் பிடிக்க முகவரி இருந்தது. நம் தாத்தாமார்களுக்கு இருந்தது தோட்டத்துச் செக்ரோல் ஒன்றுதான். காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. நம்மவர்களை மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். ஆராய்ச்சியும் பதிவேடு இருக்கும் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் போகிறது.

திரும்பாதவர்களின் மனைவிமார் கதை இன்னொன்று. பிணத்தைக் காணவில்லை, கடிதாசி இல்லை. பொட்டு வைப்பதா, அழிப்பதா? கருமாதி செய்வதா, காத்திருப்பதா? இலங்கைப் போரில் காணாமற்போனவர்களின் குடும்பங்களிலும் இதே துன்பம் இருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தப் போரின் மனவடுக்களை ஆராய்ந்து 1998ல் நூலாக எழுதினார். தனி மனிதன் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று காட்டியவர் அவர். சாச்சடங்கு, கோயில் வழிபாடு, ஊர் கூடி அழுவது ஆகியவை மனத்தை ஆற்றுகின்றன என்றும் அவர் சொன்னார். நம் பாட்டிமார்களுக்கு அந்த அழுகைகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் வந்தது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நம் பக்கம் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு. 1948 டிசம்பரில் பத்தாங் காலி அருகே ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். 1951 அக்டோபர் 6ல் கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் பாதையில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுடப்பட்டு இறந்தார். சயாமில் ஒரு முறை நடுங்கியவர்கள் இங்கே வேலிக்குள்ளும் துப்பாக்கிச் சத்தம் கேட்டார்கள்.

இன்று இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்றவரோடு முறையாகப் பேசிப் பேசி அச்சத்தைக் குறைப்பது ஒரு வழி, மருந்தும் உண்டு. அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. விபத்தோ வன்முறையோ நடந்த கையோடு, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல் என்று கட்டாயப்படுத்துவது பலன் தருவதில்லை என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த செய்தி. அவர் பேச முன்வரும்போது குறுக்கிடாமல் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

சயாம் போனவர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் 2023ல் தமிழர்கள் நடுகல் நாட்டினார்கள். பாதை முடிந்து அப்போது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். திரும்பியவர்களில் அதைப் பார்க்க உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலரே.