பையும் தையலும்



மதுவை நாவால் தொட்டறியாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன், பீர் வடிக்கும் பையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரே இதற்குக் காரணம். அந்நாட்டில் வீட்டிலேயே பீர் வடித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. "ஐயா, நான் தைத்த தானியப் பையின் அடித்தையல் பிரிந்து, தானியம் முழுவதும் கலத்திற்குள் கொட்டிவிட்டது. என் பிழை யாது?" என்று அவர் எழுதிக் கேட்டார். விடை தேடப் புகுந்த நான் ஒரு நெடிய வரலாற்றினுள் நுழைந்துவிட்டேன்.

பீர் என்பது என்ன? முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைப்பார்கள். அதன் இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப் மலர் இட்டுக் காய்ச்சி, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைப்பார்கள். உமியினின்று சாற்றைப் பிரிப்பது எப்படி என்பது இத்தொழில் தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் சிக்கல். பண்டைச் சுமேரிய முத்திரைகளில், பெருஞ்சாடியைச் சூழ்ந்தமர்ந்து நீண்ட குழல்களால் உறிஞ்சுவோரைக் காண்கிறோம். மிதக்கும் உமி வாயில் புகாதிருக்கவே அக்குழல் என்பர் அறிஞர்.

இடைக்கால இங்கிலாந்தில் இது பெரும்பாலும் பெண்களின் வீட்டுத் தொழில். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை அவர்கள் அயலாருக்கு விற்றார்கள். ஹாப் சேர்த்த பீர் நெடுநாள் கெடாமல் இருந்தமையால் தொலைவூர்களுக்கும் அனுப்ப முடிந்தது. பெருமுதல் புகுந்தது, தொழில் ஆடவர் கைக்கு மாறிற்று. பின்னர் வரி வந்தது. 1697இல் முளைதானியத்தின் மீது விதித்த வரியைக் கிளாட்ஸ்டன் 1880இல் நீக்கி, பீரின் மீதே வரி விதித்தார். அதுமுதல் வீட்டில் வடிப்போரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. அந்தக் கட்டு 1963இல்தான் அவிழ்ந்தது. அமெரிக்காவிலோ 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னரும், வீட்டுப் பீருக்கு விலக்குக் கிடைக்கவில்லை. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அதற்கு வழிவிட்டது.

சட்டம் வழிவிட்டாலும் கருவிகள் எளிதில் வழிவிடவில்லை. ஊறவைக்க ஒரு கலம், வெந்நீருக்கு ஒரு கலம், காய்ச்ச ஒரு கலம் என மூன்று கலங்கள் வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆஸ்திரேலிய ஆர்வலர்கள் எளிய முறையொன்றைப் பரப்பினார்கள். கலம் ஒன்றே, அதனுள் மெல்லிய வலைத்துணிப் பை. தானியத்தைப் பையிலிட்டு ஊறவைத்து, பையைத் தூக்கினால் சாறு கலத்திலேயே தங்கிவிடும். மூன்று கலங்களின் வேலையை ஒரு துணி செய்துவிட்டது!

ஆனால் அந்தத் துணி தாங்கவேண்டிய சுமையை எண்ணிப் பாருங்கள். ஐந்து கிலோ தானியம், 66 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஊறுகிறது. நன்கு வடிந்த பின்னும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் அதில் தங்கியிருக்கும். தூக்கும் கணத்திலோ சுமை பத்துக் கிலோவுக்கும் மிகும். ஆகவே, துணியும் நூலும் பாலியெஸ்டராக இருத்தல் நலம். விளிம்பு இழை பிரியாதவாறு உள்ளே மடித்து இருமுறை தைக்கவேண்டும். எல்லாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு: அடித்தையலைச் சுமை தாங்க விடலாகாது. இரண்டு வலிய நாடாக்களைப் பையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, மேலே கைப்பிடியாக்கினால் சுமையை நாடா ஏற்கும், தையல் பிழைக்கும். இவ்வாறே மாணவருக்கு எழுதினேன்.

எழுதி முடித்தபோது என் மனம் உறுத்தியது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இந்த மடிப்புத் தையலை நான் கற்றிருந்தேன். தலைமையாசிரியனானபோது, தேர்வில் தேர்ச்சி விழுக்காடு உயரவேண்டும் என்று தையல் பாடவேளையைக் கணக்குக்கு மாற்றியவனும் நானே. அந்த ஆண்டுகளில் பயின்றவர்தான் இம்மாணவர். அவருக்குக் கணக்கு நன்றாக வந்தது. ஊசி பிடிக்க வரவில்லை. இங்கிலாந்தில் பெருமுதலும் வரியும் வீட்டினின்று ஒரு கைத்திறனைப் பெயர்த்தன. என் பள்ளியில் அதைச் செய்யக் கால அட்டவணை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் வடிப்பது குற்றம். அதைச் செய்யுமாறு நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பை தைக்கக் கற்றுக்கொடுங்கள் என்றே வேண்டுகிறேன். அதில் அரிசி இருக்கட்டும், பயறு இருக்கட்டும்; தையல் மட்டும் பிரியாதிருக்கட்டும். சென்ற மாதம் மாணவரிடமிருந்து மறுமொழி வந்தது. புதிய பை தாங்கிற்றாம்.