இரண்டு பழைய டீசல் வண்டிகளும் ஒரு பொய்யும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

தொண்ணூறுகளில் என்னிடம் பத்தாம் வகுப்பில் சரித்திரம் படித்த ஒருவன் இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான். பழைய டீசல் ஸ்டேஷன் வேகன் ஒன்று வாங்கப் போகிறானாம். டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் கூரை கடைசிவரை நீண்டு, பின்கதவு மேலே திறக்குமே, அந்த மாதிரி கார். நம்மூரில் டாடா எஸ்டேட், இண்டிகோ மெரினா பார்த்திருப்பீர்கள். இரண்டு வண்டி அமைந்திருக்கிறது, விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று 1983 மெர்சிடிஸ் பென்ஸ் 300டிடி. மற்றது 2012 வோக்ஸ்வாகன் ஜெட்டா ஸ்போர்ட்வேகன் டிடிஐ. "பென்ஸ்தான் சார் மனசுக்குப் பிடிச்சிருக்கு. ஜெட்டா ஊரை ஏமாத்தின வண்டியாச்சே" என்கிறான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு வீசிங் உண்டு. பள்ளிக்கூடம் போக வர இந்த வண்டிதான்.

சரித்திர வாத்தியாரிடம் காரைப் பற்றிக் கேட்டால் சரித்திரம்தான் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டியது.

டீசல் இன்ஜினை விற்பனைக் காரில் முதலில் கொண்டுவந்தவர்களில் பென்ஸ் கம்பெனியும் ஒன்று. 1936இல் பெர்லின் கண்காட்சியில் 260 டி என்ற காரை வைத்தார்கள். அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்சிக்காரர்கள். மெதுவாகப் போகும், கடகடவென்று சத்தம் போடும், ஆனால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். அமெரிக்காவில் வசதியானவர் வீட்டு வாசலுக்கு டீசல் கார் அதிகமாக வந்தது 1973 அக்டோபருக்குப் பிறகுதான். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1975இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கேலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அபராதம். பெரிய பெரிய கார்களாக விற்றுக்கொண்டிருந்த பென்ஸுக்கு டீசல் கைகொடுத்தது.

ஜெனரல் மோட்டார்ஸும் அவசரமாக இறங்கியது. 1978 மாடலில் வந்த ஓல்ட்ஸ்மொபில் டீசல் இன்ஜினில், பெட்ரோல் இன்ஜினுக்கு இருந்த அதே ஹெட் போல்ட் அமைப்பையே வைத்துவிட்டார்கள். டீசலில் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு அதிகம் என்று நம் பிசிக்ஸ் சார் சொல்வார். போல்ட் தாங்கவில்லை, ஹெட் கேஸ்கெட் போனது. டீசலோடு கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்க ஒரு வடிகட்டிகூட வைக்கவில்லை. 1985இல் கடையைக் கட்டினார்கள். அதோடு டீசல் என்றாலே அமெரிக்கர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கெட்ட பெயரிலும் தலை நிமிர்ந்து நின்றது இவன் பார்த்திருக்கிற பென்ஸ். இந்த வேகன் 1977இல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானது, பிரேமன் நகரத் தொழிற்சாலையில் செய்தார்கள். ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர், அமெரிக்காவுக்கு அனுப்பியதில் 1981 மாடலிலிருந்து டர்போ. பின்னால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வண்டி தானாகச் சமமாக நிற்கும் சஸ்பென்ஷன். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்ஜின் ஓட மின்சாரமே தேவையில்லை. சாவியைத் திருப்பினால் அது நிற்பதுகூட ஒரு வேக்குவம் குழாயின் தயவில். குழாய் ஓட்டையானால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்! பானட்டைத் திறந்து கையால் நிறுத்த வேண்டும். அது விடுகிற கரும்புகையும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால்தான் இதை நேர்மையான வண்டி என்று கொண்டாடுகிறார்கள்.

ஜெட்டா கதை வேறு. டீசலின் கெட்ட பெயரைத் துடைக்க வோக்ஸ்வாகன் கொண்டுவந்த சொல் 'சுத்தமான டீசல்'. 2009 ஜெட்டா டிடிஐக்கு அந்த வருடத்தின் பசுமைக் கார் என்று ஒரு பத்திரிகை விருதே கொடுத்தது. பிறகு அந்த விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு விஷயம்.

பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம் பெயர் ஒன்றும் உண்டு. படித்தபோது எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது. அவர்கள் பொய்யைத் தேடிப் போகவில்லை. ஐரோப்பாவை விட அமெரிக்காவில் விதிகள் கடுமை, அதனால் இங்கே டீசல் கார் சாலையிலும் சுத்தமாக ஓடும், அதை அளந்து காட்டலாம் என்றுதான் புறப்பட்டார்கள். சோதனைக்கூடத்தில் காரை உருளை மேல் நிறுத்தி அளப்பதுதான் வழக்கம். இவர்கள் கருவியைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். கூடத்தில் ஒழுங்குப் பிள்ளையாக இருந்த 2012 ஜெட்டா, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு கக்கியது. 2014இல் அறிக்கை வந்தது. கலிபோர்னியாவின் காற்று வாரியம் விடாமல் துருவியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை விஷயத்தை ஊரறியச் சொன்னது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி, எவ்வளவு நேரம் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, 'இது பரீட்சை' என்று காரின் மென்பொருளே கண்டுகொள்ளும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளும் சில பேரை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

ஐந்து நாளில் தலைமை அதிகாரி விண்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒத்துக்கொண்டது. 2017இல் இரண்டு பேருக்கு அமெரிக்காவில் சிறைத் தண்டனை. திரும்ப வாங்கிய கார்களைக் கலிபோர்னியாவில் விக்டர்வில் என்ற பாலைவன விமானத் தளத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். படம் பார்த்தால் கூட்டம் கலையாத மைதானம் மாதிரி இருக்கும்.

இப்போது கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஜெட்டாவுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மைலுக்கு 0.07 கிராம். 15 மடங்கு என்றால் 1.05 கிராம். 1981 முதல் அமெரிக்கக் கார்களுக்கு இருந்த வரம்பு எவ்வளவு தெரியுமா? மைலுக்கு 1 கிராம். டீசலுக்கு அதிலும் சில வருடம் சலுகை கொடுத்திருந்தார்கள். அதாவது, திருட்டுத்தனம் செய்து பிடிபட்ட ஜெட்டா, அதன் நல்ல நாளில், பென்ஸுக்குச் சட்டமே அனுமதித்த அளவைத்தான் கக்கியது. மோசமான நாளில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதையும் மறைக்கக் கூடாது.

புகைக்கரிக்கு வாருங்கள். நெஞ்சுக்குள் இறங்குவது அதுதானே. பென்ஸ் காலத்தில் டீசல் காருக்கு வரம்பு மைலுக்கு 0.6 கிராம். ஜெட்டாவுக்கு 0.01 கிராம். அறுபதில் ஒரு பங்கு! இந்த விஷயத்தில் ஜெட்டா பொய் சொல்லவில்லை. அதன் கரி வடிகட்டி சாலையிலும் வேலை செய்தது என்பதையும் அதே குழுதான் அளந்து சொன்னது.

தம்பி, என் தீர்ப்பு ஜெட்டா. பென்ஸ் மேல் உனக்கு இருக்கும் ஆசை புரிகிறது, எனக்கும் அந்த மூக்கு பிடிக்கும். 1997 வரைக்குமான டீசல் கார்களுக்கு உங்கள் மாநிலத்தில் புகைப் பரிசோதனையே கிடையாது, அதுவும் தெரியும். ஆனால் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது, பள்ளிக்கூடப் பையோடு வண்டிக்குப் பின்னால் நிற்கப்போவது வீசிங் இருக்கிற பிள்ளை. வண்டியின் நேர்மை அவள் நுரையீரலுக்கு உதவாது. பின்னாளில் ஞாயிற்றுக்கிழமை வண்டியாக ஒரு பென்ஸ் வாங்கிக்கொள். அப்போது மீட்டரில் காட்டும் மைலை நம்பாதே, அந்த மாடலில் மைல் மீட்டர் நின்றுபோவது சகஜம். அடிப்பக்கத்துத் துருவைப் பார்.

ஜெட்டாவையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதே. 2017இல் ஒப்புதலான திருத்தம் இந்த வண்டிக்குச் செய்யப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் விசாரி. அந்தத் திருத்தம் பழைய வரம்பை முழுசாக எட்ட வைக்காது, ஆனால் கணிசமாகக் குறைக்கும். செய்யாத வண்டி என்றால் விட்டுவிடு. கரி வடிகட்டியை யாராவது கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல், கழற்றியிருந்தால் நான் போட்ட கணக்கெல்லாம் தப்பாகிவிடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, பில் இருக்கிறதா? உயர் அழுத்த டீசல் பம்ப் சில வண்டிகளில் உள்ளுக்குள் தேய்ந்து, இரும்புத் தூள் எரிபொருள் வழி முழுக்கப் பரவியிருக்கிறது. மெக்கானிக்கிடம் டீசல் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல். பளபளவென்று தூள் தெரிந்தால் பேரம் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடு.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். நான் விட்டது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், அவன் சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகிறான்.